ஒரே குறிப்புக்கு நான்கு தலைப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் வயதுக்காரர்கள் பலர் இப்போது குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய மகிழ்ச்சி. 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கொரு எண். கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். இதையெல்லாம் ஓர் அவுட்லைனரில் (குறிப்புகளைத் தலைப்பு, உட்தலைப்பு என்று அடுக்கும் மென்பொருள்) ஏற்றத் தொடங்கியதும் எல்லாருக்கும் வருகிற சிக்கல் ஒன்றுதான்: இந்தக் குறிப்பை எந்தத் தலைப்புக்குக் கீழே வைப்பது?

கொள்ளுப்பாட்டி ஒருத்தி இருக்கிறாள். கப்பலுக்குக் கீழே வரவேண்டும், பிறந்த ஊருக்குக் கீழே வரவேண்டும், வேலை பார்த்த கரும்புத் தோட்டம், புகுந்த குடும்பம், அங்கேயும் வேண்டும். உடனே நாலு இடத்திலும் காப்பி போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாளைக்கு மூலப் பதிவைப் பார்த்து அவள் வயதைத் திருத்துவீர்கள். ஒரு காப்பி திருந்தும், மற்ற மூன்றும் பழைய வயதையே சொல்லிக்கொண்டிருக்கும். எது சரி என்று பேரப்பிள்ளைகள் யாரைக் கேட்பார்கள்?

ஆளுக்கு ஒரே குறிப்பு. அது எண் வரிசையில் இருக்கட்டும். மற்ற இடங்களில், வொர்க்ஃப்ளோயி என்ற அவுட்லைனர் என்றால் மிரர், லியோ என்ற அவுட்லைனர் என்றால் குளோன். இவை காப்பி அல்ல, அதே குறிப்புதான். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறும்.

ஏன் எண் வரிசை? குடும்பப் பெயர் வாரியாகப் பிரித்தால் சொந்தங்கள் சிதறிவிடும். இங்கே அண்ணனுக்கு ஒரு பெயரும் தம்பிக்கு வேறொரு பெயரும் குடும்பப் பெயராக நிலைத்த வீடுகள் உண்டு. ஆனால் சேர்ந்து பதிந்தவர்களுக்கு எண் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். தாயும் பிள்ளையும், சில சமயம் ஒரே ஊர்க்காரர்களும், பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். அந்த நெருக்கத்தைக் கலைக்க நமக்கு என்ன உரிமை? ஜில்லா, தாலுகா, ஊர், தெரு என்று ஆழமாகத் தோண்டிக்கொண்டே போவதும் இதே காரணத்தால் எனக்குப் பிடிக்காது. மூன்று படி போதும்.

சரி, எல்லாவற்றையும் மிரர் செய்யவேண்டுமா? வேண்டாம். ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கியவர்கள்மேல் 1895 சட்டம் சுமத்திய ஆண்டுக்கு 3 பவுண்டு வரி, 1914இல் ஒழியும்வரை எத்தனையோ குடும்பங்களை நசுக்கியது. அதை ஓரிடத்தில் நன்றாக எழுதிவிட்டு, ஒவ்வொருவர் குறிப்பிலிருந்தும் லிங்க் கொடுத்தால் போதும். திரும்ப ஒப்பந்தம் போட்டவர்களை ஒன்றாகப் பார்க்க ஒரு டேக் போதும்.

அப்புறம் ஒன்று. ஓர் அவுட்லைனரிலிருந்து இன்னொன்றுக்குக் குறிப்புகளைக் கொண்டுபோக உதவும் ஓபிஎம்எல் கோப்பு வெறும் மரம். ஒரு குறிப்பு இரண்டு கிளையில் இருப்பதைச் சொல்ல அதில் வழியில்லை. மென்பொருள் மாற்றும் நாளில் மிரர்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு குறிப்பின் முதல் வரியிலும் அந்த எண்ணை இன்றே எழுதிவையுங்கள்.