ஆடுற டேபிள்ல நரம்பு தைக்கணுமாம்

கை ஆபரேஷன்ல பேஷண்ட் கையை நீட்டி வைக்க, ஆபரேஷன் டேபிளோட பக்கத்துல மாட்டுற இந்த ஹேண்ட் டேபிளை டிசைன் பண்ணவங்க ஒருநாளாவது அதுல கையை வச்சு வேலை பார்த்திருப்பாங்களான்னு எனக்கு டவுட்டு தான். விரல் நரம்பு தைக்கிற 10-0 நைலான் நூல் தலைமுடியை விட மெல்லிசு, மூச்சை அடக்கிட்டு மைக்ரோஸ்கோப்புல பார்த்து ரெண்டு முனையையும் சேர்க்கிற நேரம் எதிர்ல இருக்க அசிஸ்டண்ட் லேசா முழங்கைய ஊனினா போதும், மொத்த டேபிளும் கல்யாணப் பந்தி மேஜை கணக்கா ஆடும். வெறுங்கண்ணுக்கு அது ஒண்ணுமே இல்ல, லென்ஸ்ல பார்த்தா நரம்பே ஃபீல்டை விட்டு ஓடிடும். சரி, கால் வச்ச டேபிள் வாங்குங்கன்னா அந்த ஒத்தக்கால் கரெக்டா என் முட்டிக்கு நடுவுல வந்து நிக்குது, எக்ஸ்ரே பார்க்க சி-ஆர்ம் மெஷினை உள்ள தள்ளினா அதுலயே இடிக்குது.

ஸ்டூல் இன்னொரு கொடுமை. உக்காந்து அரைமணி நேரத்துல மெதுவா இறங்கிடும், கிருமி இல்லாம கழுவி ஸ்க்ரப் பண்ண கையால லீவரைத் தொட முடியாது, "சிஸ்டர், கொஞ்சம் ஏத்துங்களேன்"னா அவங்க பாவம் மேல போர்த்தின துணிக்கு (ட்ரேப்) அடியில குனிஞ்சு தேடணும். ரத்த ஓட்டத்தை நிறுத்த கையில டூர்னிகே பட்டை கட்டினா பொதுவா ரெண்டு மணி நேரம் தான் கணக்கு, அதுல இதுக்கே கொஞ்சம் போயிடுது. கீழ, ரத்தக்கசிவை கரண்ட்ல சுட்டு அடைக்கிற பைபோலாரோட பெடல் வேற எங்கயோ ஓடியிருக்கும், காலாலயே துழாவணும்.

அப்புறம் அந்த வயர் கட்டர். உடைஞ்ச எலும்பைப் பிடிச்சு நிறுத்துற கம்பியான கே-வயரை வெட்ட நான் ரெண்டு கையாலயும் அமுக்கணும், கைப்பிடி அவ்வளவு அகலம். கிளவ்ஸ் மட்டும் ஆறு, ஆறரை, ஏழுன்னு சைஸ் சைஸா வருதுல்ல, இதுல மட்டும் ஏன்யா ஒரே சைஸு?