எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது
ஸ்கேன் பற்றிய உங்கள் கட்டுரையில் எம்.ஆர்.ஐ.யையும் சி.டி.யையும் ஒன்றாகச் சேர்த்து ‘கதிர்வீச்சு ஸ்கேன்’ என்று எழுதிவிட்டீர்களே! எக்ஸ்ரே கதிர் சி.டி.யில்தான். எம்.ஆர்.ஐ.யில் காந்தமும் ரேடியோ அலையும் மட்டுமே. உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் திருப்பி அனுப்பும் சிக்னல்தான் படமாகிறது. எங்கள் களியக்காவிளை பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் போய் எடுப்பவர்கள் மிரள்வது எம்.ஆர்.ஐ. ஓடும்போது வரும் சத்தத்துக்குத்தான். காந்தப்புலத்தை மாற்றும் கம்பிச்சுருள்கள் அதிர்வதால் வருவது அது, செண்டைமேளம் தோற்றுவிடும். காதடைப்பான் கேட்டு வாங்குங்கள். கையில் தரும் ரப்பர் பந்தை அழுத்தினால் ஆள் வந்துவிடும். காந்தம் இருப்பதால் உலோக அரைஞாண், மெட்டி, கொண்டை ஊசியெல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடலாம். இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியோ மூளை ரத்தக்குழாயில் போட்ட உலோகக் கிளிப்போ இருந்தால் முதலிலேயே சொல்லியாக வேண்டும். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்த 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தத்தை அணைத்து வைப்பதில்லை.