ஏகே-203 வேறு, இன்சாஸ் வேறு
அமேதியில் தயாராகும் ஏகே-203, இன்சாஸ் துப்பாக்கிதான், பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை நண்பரே. இன்சாஸ் நம் மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ வடிவமைத்தது, 5.56 மி.மீ. குண்டு. கார்கில் குளிரில் அதன் மேகசின் (குண்டுகளை நிரப்பும் பெட்டி) விரிசல் விட்டதாகவும், சுடும்போது சிக்கியதாகவும் வந்த புகார்களை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிப்பாயின் உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் அந்தப் புகார்களை ஏகே-203 மேல் ஏற்ற முடியாது. அது ரஷ்யாவின் கலாஷ்னிகோவ் வடிவமைப்பு, 7.62 மி.மீ. குண்டு. அதன் தரத்தைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபி தளத்தில் 2021 டிசம்பர் 4 செய்திக்குறிப்பைத் தேடிப் பாருங்கள். இன்சாஸுக்கு மாற்றாகத்தான் ஏகே-203 வருகிறது என்று அதிலேயே இருக்கிறது, குண்டின் அளவோடு.