"அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு"

புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோனால் நம் வீடுகளில் தபால்காரர் வேலை பிள்ளைக்குத்தான். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "வண்டிச் சாவி எங்கன்னு உங்கம்மாகிட்ட கேளு." மூன்று பேரும் இருப்பது ஒரே ஹாலில். கவனித்துப் பாருங்கள், பிள்ளை சேதியை அப்படியே கொண்டுபோகாது. "வேணும்னா வந்து கொட்டிக்கச் சொல்லு" என்று இங்கே கிளம்பியது, அங்கே போய்ச் சேரும்போது "அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்கப்பா" என்று ஆகியிருக்கும். ஏழு வயசுக்கு இது பெரிய உழைப்பு.

"பிள்ளை முன்னாடி நாங்க சண்டையே போடுறதில்ல" என்று பெருமைப்படுகிறவர்களில் பலர் இந்த மௌன விரதக்காரர்கள்தான். கத்தித் தீர்த்து அன்றைக்கே முடித்துக்கொள்கிற வீட்டைவிட, நாலு நாள் முகம் பார்க்காத வீடுதான் பிள்ளைக்குக் கனம் என்பேன். அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் மார்க் கம்மிங்ஸ் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம் இது. சண்டை எப்படி நடந்தது, முடிந்ததா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளையின் பதற்றம் ஏறுகிறது, இறங்குகிறது. நாமோ ஹாலில் சண்டை போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ராசியாகிறோம். சண்டையைப் பார்த்த பிள்ளைக்கு ராசியானது தெரியாது.

தூங்குகிற குழந்தைக்கு என்ன தெரியும் என்பீர்கள். 2013இல் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் 6 முதல் 12 மாதக் குழந்தைகளைத் தூக்கத்திலேயே மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சண்டை மிகுந்த வீட்டுக் குழந்தைகளின் மூளை, கோபக்குரல் கேட்டதும் கூடுதலாகத் துடித்தது.

நாலைந்து வயசில் "நான் பால் கொட்டினதாலதான் சண்டை" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளும். நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வரும்; காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கும். பத்து வயசுப் பிள்ளை நடுவராகும். பதினாலு வயசு வீட்டுக்கே வராமல் சுற்றும். எனக்கு அதிகம் கவலை தருவது நான்காவது ரகம்: சொன்னதைச் செய்து, எதுவுமே கேட்காத 'தங்கமான பிள்ளை'.

சண்டை நடந்த அன்றே, பிள்ளை தூங்குவதற்கு முன்னால், முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள். மூன்று வாக்கியம் போதும். "நாங்க சத்தம் போட்டோம். அது உன்னால இல்ல. நாங்க பேசி முடிச்சுட்டோம்." முடியவில்லை என்றால் "இன்னும் முடியல, நாங்க பார்த்துக்கிறோம்" என்றே சொல்லுங்கள், பொய்ச் சிரிப்பைப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்: அழுதுகொண்டே சொல்வார்கள், பிள்ளை கண்ணைத் துடைத்துவிடும், யார் பெரியவர் என்பதே தலைகீழாகிவிடும். காரணத்தை விளக்க வேண்டாம். "உனக்காகத்தான் எல்லாத்தையும் பொறுத்துக்கிறேன்" என்பது அறவே வேண்டாம். பேசாமல் பிரியாணி வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டுவதும் உதவாது. "நீ அம்மா கட்சியா, அப்பா கட்சியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிற சித்தப்பாவை அங்கேயே நிறுத்துங்கள்.

அடி விழுகிற வீட்டுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. நடுவில் வந்து தடுக்கக் கூடாது, எந்தப் பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டும், குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு எப்படிப் போன் போட வேண்டும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.