காரம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அனிமே கொடுங்கள்

சேலத்தில் சாயங்கால நேரம் தட்டுவடை செட் கடை முன்னால் போய் நின்றால், கடைக்காரர் முதலில் கேட்பது “காரமா, மீடியமா?” என்றுதான். துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் இரண்டு சட்னியும் எல்லாருக்கும் ஒன்றேதான். இருந்தாலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் அவர் தட்டுவடையைக் கையில் எடுப்பதில்லை. அம்மா கையைப் பிடித்து நிற்கிற சின்னப் பிள்ளையைப் பார்த்தும் கேட்கிறார்.

ஜப்பான் அனிமேஷனான அனிமே பார்க்கிற நாம் மட்டும் இதைக் கேட்பதில்லை. “நான் அனிமே பார்த்ததே இல்லை, எதில் ஆரம்பிக்கலாம்?” என்று ஒருவர் ஆசையாக வந்து நின்றால், நமக்கு எது உயிரோ அதைத் தூக்கி அவர் தட்டில் வைத்துவிடுகிறோம்.

இதை எழுத வைத்தது என் அக்கா. ஐம்பது வயது, அம்மாபேட்டையில் இருக்கிறாள். நானும் என் மகனும் அனிமே கதைகளை மணிக்கணக்கில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, இரண்டு வருடம் முன்பு அவளே வாய்விட்டுக் கேட்டாள்: “எனக்கும் ஒண்ணு போட்டுக் காட்டுங்களேன்.” அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரப் பையன் ஒருவன் உற்சாகத்தில் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ போட்டுவிட்டான். முதல் எபிசோடிலேயே, பெற்ற பிள்ளையின் கண் முன்னால் அவன் அம்மாவை ஒரு ராட்சத உருவம் எடுத்துத் தின்கிறது. அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். “இதெல்லாம் எனக்கு வேண்டாம் பாப்பா” என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

2013-ல் தொடங்கி 2023-ல் முடிந்த அந்தத் தொடரை நான் முழுதும் பார்த்திருக்கிறேன், மிகவும் மதிக்கிறேன். வெறுப்பு எப்படித் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது என்பதை அவ்வளவு விடாப்பிடியாகச் சொன்ன கதைகள் குறைவு. ஆனால் அக்காவுக்கு முதன்முதலாகக் கொடுக்க வேண்டியது அது இல்லை. அவள் என்ன மாதிரி ஆள், எது அவளுக்குத் தாங்காது என்று நாங்கள் யாரும் அன்று யோசிக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அனிமே என்பது ஒரு வகைக் கதை இல்லை. ஜப்பானில் வரைந்து உருவாக்குகிற படங்களும் தொடர்களும் எல்லாமே அனிமேதான். “எனக்குத் தமிழ்ப் படம் பிடிக்காது” என்று ஒருவர் சொன்னால் எந்தத் தமிழ்ப் படம் என்று திருப்பிக் கேட்போம் இல்லையா, அதே கேள்வி இங்கேயும் உண்டு. பிள்ளைகளோடு உட்கார்ந்து டோரேமானும் ஷின்சானும் பார்த்த பெற்றோர்கள் ஏற்கெனவே அனிமே பார்த்தவர்கள்தான். ஷோனென், செய்னென் என்று சொல்கிறார்களே, அவையும் கதை வகைகள் இல்லை. மூலக் கதையான மங்கா, அதாவது ஜப்பான் படக்கதை, எந்த வயதினருக்கான பத்திரிகையில் வந்தது என்பதைச் சொல்கிற பெயர்கள். ஷோனென் என்றால் பையன்கள், செய்னென் என்றால் வளர்ந்த ஆண்கள். பையன்களுக்கான பத்திரிகையில் வந்தது என்பதற்காக எட்டு வயதுப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டலாம் என்று பொருள் இல்லை. பொம்மைப் படம்தானே என்று பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள், அதில் போட்டிருக்கும் வயது வரம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நீளம். புதிதாக வருகிறவரிடம் ‘நருட்டோ’வையும் ‘ஒன் பீஸ்’ஸையும் நீட்டுகிறவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நருட்டோ முதல் தொடர் 220 எபிசோட், அடுத்து வந்த ஷிப்பூடென் 500. தினம் ஒன்று என்று ஒரு நாளும் விடாமல் பார்த்தாலும் கிட்டத்தட்ட இரண்டு வருடம். 1999-ல் ஆரம்பித்த ஒன் பீஸ் 1100-ஐத் தாண்டிவிட்டது, கதை இன்னும் முடியவில்லை. அதிலும் நருட்டோ முதல் தொடரின் கடைசிப் பகுதி பெரும்பாலும் ஃபில்லர். மங்கா வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக வரும், டிவி தொடர் அதைத் துரத்திப் பிடித்துவிடும். மங்கா முன்னால் நகரும்வரை டிவிக்காரர்கள் கதையில் இல்லாததைப் போட்டு நிரப்பினார்கள். பழகினவர்களுக்கு எதைத் தாண்டிப் போகலாம் என்று தெரியும். புதியவர் அங்கேதான் சலித்து, அனிமே என்றாலே இழுவை என்று முடிவு கட்டிவிடுவார்.

என் கருத்தில், ஒருவர் பார்க்கிற முதல் அனிமேவுக்கு முடிவு இருக்க வேண்டும். ஒரு படமாக இருக்கலாம், இல்லை 12, 13 எபிசோடில் முடிகிற தொடராக இருக்கலாம். இந்த 12, 13 என்ற கணக்கே ஜப்பான் டிவி வருடத்தை மூன்று மூன்று மாதமாகப் பிரித்து, வாரம் ஒன்றாக ஒளிபரப்புவதால் வந்ததுதான். ஒரு கதையை முழுசாகப் பார்த்து முடித்த திருப்தி கிடைத்துவிட்டால், அடுத்ததை அவரே தேடி வருவார்.

நீளமானதே கூடாது என்றும் சொல்லவில்லை. ஆளைப் பொறுத்தது. நான் கணக்கு எழுதுகிற வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருபத்து மூன்று வயதுத் தம்பி ஒருவன் இருக்கிறான். அவன் என்னிடம் கேட்டபோது, “கடைசியா எந்தப் படத்தை ரெண்டு தடவை பார்த்தே? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இருக்கும்? எதைப் பார்த்தா உனக்குத் தாங்காது?” என்று மூன்றே கேள்விதான் கேட்டேன். சண்டையும் வேண்டும், குடும்பமும் வேண்டும் என்றான். ராத்திரி ஒரு மணி நேரம் இருக்கும் என்றான். நான் சொன்னது ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’, 64 எபிசோட்.

ஏன் அது? செத்துப்போன அம்மாவை ரசவாதத்தால் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள் இரண்டு சிறுவர்கள். அண்ணனுக்கு ஒரு காலும் கையும் போகிறது, தம்பிக்கு உடம்பே போகிறது. ஒன்றைப் பெற வேண்டும் என்றால் அதற்குச் சமமான ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் அந்த உலகத்தின் விதி. பலருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். இவனுக்கு வேண்டியிருக்கவில்லை. எடை போட்டு வெள்ளி வாங்கி, கொலுசாக்கி மறுபடி எடை போட்டுக் கொடுத்து, சேதாரம் எவ்வளவு என்று கிராம் கணக்கில் பதில் சொல்கிறவன் அவன். “அக்கா, அந்தப் பசங்க போட்ட கணக்குல உசுருக்கு எடை இல்லக்கா” என்று மூன்றாம் நாள் வந்து சொன்னான். பதினைந்து வருடமாக அனிமே பார்க்கிறவர்கள் யாரும் அந்தக் கதையைப் பற்றி என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. புதிதாக வருகிறவர் அவருடைய வாழ்க்கையோடுதான் வருகிறார், அதற்கு ஏற்றதைக் கொடுத்தால் நமக்கே தெரியாததை அவர் பார்த்துச் சொல்வார்.

இதில் ஒரு குழப்பம் உண்டு, சொல்லிவிடுகிறேன். இதே கதை 2003-லும் ஒரு தொடராக வந்தது. அப்போது மங்கா முடியாததால், பாதிக்கு மேல் வேறு வழியில் போய் வேறு முடிவு கொண்டது. 2009-ல் வந்த பிரதர்ஹுட்தான் மங்காவை ஒட்டிப் போகிறது. புதியவருக்கு இதுவே போதும்.

அப்புறம் மொழி. ஜப்பான் குரலில், கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் பார்ப்பதுதான் சரி, டப்பிங் பார்ப்பது கேவலம் என்று சிலர் புதியவர்களை விரட்டுகிறார்கள். இது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம். ஆங்கில எழுத்து ஓடும் வேகத்துக்குப் படிக்க முடியாதவர்களுக்கும் கதை கேட்கிற உரிமை உண்டு. இப்போது பல தொடர்கள் தமிழ்க் குரலிலேயே வருகின்றன. யூகோ சாகோ முன்னின்று உருவாக்கிய 1993-ஆம் வருட ராமாயண அனிமே, 2025 ஜனவரியில் தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ இந்த சேலத்து ஸ்டுடியோவில்தான் உருவானது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் நாம், இன்ன மொழியில்தான் பார்க்க வேண்டும் என்று யாரையும் வாசலில் நிறுத்தக் கூடாது.

சரி, அக்காவுக்கு வருகிறேன்.

போன மாதம் அவள் வீட்டில் தங்கியபோது நானே மறுபடி பேச்சை எடுத்தேன். இந்த முறை கேட்டேன். ரத்தம் வேண்டாம், பேய் வேண்டாம், யாரும் சாக வேண்டாம் என்றாள். “நம்ம எஸ்டேட்டு மாதிரி மரம் மட்டையா இருந்தா பார்ப்பேன்” என்றாள். உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டோடோரோ’.

ஜிப்ளி ஸ்டுடியோ படம் என்றாலே குழந்தைகளுக்கானது, எதையும் நம்பிப் போடலாம் என்று நினைப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1988 ஏப்ரலில் அந்த ஸ்டுடியோ இரண்டு படங்களை ஒரே நாளில், சேர்த்துக் காட்டும்படி வெளியிட்டது. ஒன்று டோடோரோ. இன்னொன்று இசாவோ தகஹாதாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’, போரில் அம்மாவை இழந்து பட்டினியில் வாடும் அண்ணன் தங்கையின் கதை. அதையும் எல்லாரும் ஒருநாள் பார்க்க வேண்டும். ஆனால் “யாரும் சாக வேண்டாம்” என்று சொன்ன என் அக்காவிடம் ஸ்டுடியோ பெயரை மட்டும் பார்த்து அதைக் கொடுத்திருந்தால், இந்த முறை அவளை நிரந்தரமாக இழந்திருப்பேன்.

டோடோரோவில் அக்காவும் தங்கையும் அப்பாவோடு கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள். தங்கைக்கு நாலு வயது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். எனக்கும் நாலு வயதாக இருந்தபோது எங்கள் அப்பா ஏற்காட்டில் காபி எஸ்டேட் ரைட்டர், அம்மா கீழே சேலத்தில் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்திருந்தாள். எனக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, கூடவே இருந்தது அக்காதான். அம்மாவைப் பார்த்துவிட்டு அப்பா கடைசி பஸ்ஸில் மலையேறி வருவார். மழையானாலும் பனிமூட்டமானாலும் நாங்கள் ஒண்டிக்கடை பக்கம் குடையோடு நிற்போம். இதையெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டிவி முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சு வருகிற இடத்தில் மட்டும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். படத்தில் பேச்சும் அதிகம் இல்லை. மழையில் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண் தங்கையை முதுகில் தூக்கிக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருக்கும் காட்சி வந்ததும், நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் காட்சி நிதானமாகப் போகும், இலையிலிருந்து சொட்டு விழுகிற சத்தம் கேட்கும். அவள் கொஞ்சம்கூட அசையவில்லை.

கடைசியில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் ரிமோட்டை எடுத்தேன். “இரு, நிறுத்தாதே” என்றாள். அந்தப் பெயர்களோடு வருகிற சின்னச் சின்னப் படங்களில்தான் அம்மா வண்டியில் வீட்டுக்கு வந்து இறங்குகிறாள்.

“நம்ம அம்மா வந்தது வெள்ளை அம்பாசிடர்ல. எஸ்டேட் கேட்டுல இருந்தே நீ வண்டி பின்னாடி ஓடியாந்தே, ஞாபகம் இருக்கா?”

இல்லை என்று தலையாட்டினேன். அக்கா படத்தை மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள்.