டூபேஜ் கவுண்டியின் வசந்த கால மோசடி

குளிர்காலத்தை நான் குறை சொல்லப் போவதில்லை. சிகாகோவுக்கு மேற்கே, இந்த டூபேஜ் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) குடிவரும்போதே ஜனவரி எப்படி இருக்கும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தித்தான் அனுப்பினார்கள். 2019 ஜனவரி 30 அன்று ஓஹேர் விமான நிலையத்தில் ஏறத்தாழ மைனஸ் 31 டிகிரி செல்சியஸ் பதிவானது. காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் உடம்புக்கு அது மைனஸ் 47. தபால் விநியோகத்தையே நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் பிரியும் இடங்கள் உறைந்து இறுகிவிடாமல் இருக்க அங்கே நெருப்பு மூட்டி ரயில் விட்டார்கள். சரி, அது குளிர்காலம். சொன்னதைச் செய்கிறது. கோட்டும் கையுறையும் வாங்கிக்கொண்டு நாமும் நம் பாட்டைப் பார்த்துக்கொள்கிறோம்.

என் ஆத்திரமெல்லாம் மார்ச் நடுவில் தொடங்கி மே நடுவரை இழுத்தடிக்கும் இந்த இரண்டு மாதங்கள்மீதுதான். நாட்காட்டியில் வசந்த காலம் என்று வெட்கமில்லாமல் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?

அதே 2019இல் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. புத்தாண்டும் விடுமுறையும் சேர்ந்து வருவதே அபூர்வம். வேப்பம்பூப் பச்சடியும் வடையும் தயார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பலாம் என்று பார்த்தால் வெளியே பனி கொட்டித் தீர்க்கிறது. ஓஹேரில் 5 அங்குலத்துக்கு மேல். வேட்டியை மடித்துக் கட்டி, அதற்குக் கீழே பூட்ஸ் மாட்டிக்கொண்டு, வீட்டு வாசலில் பனி தள்ளிய கோலத்தில் என்னை என் மாமனார் வீடியோ அழைப்பில் பார்த்தார். புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல வந்தவர், சொல்லாமலே போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டார். அதோடு விட்டதா? ஏப்ரல் 27இல் மறுபடியும் பனி. அக்டோபர் 31, ஹாலோவீன் நாளிலும் பனி. புலி வேடம் போட்ட பிள்ளைகள் அதன்மேல் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போயின. எது புலி, எது கரடி என்று மிட்டாய் கொடுத்தவர்களுக்கே தெரிந்திருக்காது.

எதிர்வீட்டு அமெரிக்கத் தாத்தாவிடம் புலம்பினால் அவர் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார். "இந்த வானிலை பிடிக்கவில்லையா? ஐந்து நிமிடம் பொறு, மாறிவிடும்." இந்த நடுமேற்கு மாநிலங்களில் எந்த ஊருக்குப் போனாலும் இதே நகைச்சுவைதான். தங்கள் ஊர்க்காரர்தான் கண்டுபிடித்தார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐயா, மாறுவதுதானே என் பிரச்சினை! 2024 பிப்ரவரி 27 அன்று பகலில் 20 டிகிரிக்கு மேல். அரைச்சட்டை போட்டவர்களெல்லாம் வீதிக்கு வந்துவிட்டார்கள். இரவுக்குள் ஆலங்கட்டி மழை, சூறாவளி (டொர்னாடோ) எச்சரிக்கை. மறுநாள் காலை உறைநிலைக்குக் கீழே போய் பனித்தூறல். ஒரே நாளுக்குள் எத்தனை சட்டையைத்தான் ஒரு மனிதன் மாற்றுவான்?

காரணம் தெரியாமல் திட்டவில்லை. ஆர்க்டிக்கிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை குறுக்கே நின்று தடுக்கக் கிழக்கு மேற்காக ஒரு மலைத்தொடர் கிடையாது. ராக்கி மலைகளோ தெற்கு வடக்காக ஓரமாய்ப் படுத்துக் கிடக்கின்றன. இரண்டு பக்கமும் கதவில்லாத சத்திரத்தில் நாம் குடியிருக்கிறோம். கனடாவின் குளிர்காற்று ஒரு பக்கமாக நுழைகிறது, வளைகுடாவின் ஈரக்காற்று மறுபக்கமாக நுழைகிறது, இரண்டும் நம் தலைக்கு மேல் மோதிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு மிச்சிகன் ஏரி. குளிர்காலச் சில்லிப்பை ஏப்ரல், மே வரை விடாமல் பிடித்து வைத்திருக்கும். காற்று கிழக்கே இருக்கும் அந்த ஏரியிலிருந்து வீசினால் போதும், வெப்பநிலை சட்டென்று சரிந்துவிடும். "ஏரியோரம் குளிர் கூடுதலாக இருக்கும்" என்று தொலைக்காட்சியில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நாங்கள் இருக்கும் நேப்பர்வில் ஏரியோரமா? ஏரி எங்கேயோ, நாங்கள் எங்கேயோ. ஆனாலும் சில நாள் அந்தக் காற்று இங்கே வரைக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போகும்.

இந்தக் கூத்தில் அதிகம் அடிபடுவது எங்கள் கறிவேப்பிலைச் செடி. அக்டோபர் முதல் ஜன்னலோரம் கிடந்து, ஹீட்டரின் வறண்ட காற்றில் இலை உதிர்ந்து, குச்சியாக நிற்கும். ஏப்ரலில் வெயில் எட்டிப் பார்த்ததும் பாவம் என்று தொட்டியைப் பின்கட்டு மேடைக்குத் தூக்கிப் போவோம். அந்தி சாய்வதற்குள் உள்ளே தூக்கி வர வேண்டும். முதுகு வலிக்கிறதே, ஒரு ராத்திரிதானே என்று விட்டால் தீர்ந்தது. பச்சைப்பசேல் என்று அப்போதுதான் விட்டிருந்த கொழுந்தெல்லாம் காலையில் கறுத்துச் சுருண்டு, தொட்டால் ஈரமாகக் கையில் ஒட்டும். சாம்பாருக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை வேண்டுமென்றால் மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும். அன்னையர் தினத்துக்கு முன்னால் தக்காளி நடக்கூடாது என்பது இந்த ஊர்ப் பெரியவர்களின் கணக்கு. மே இரண்டாம் ஞாயிறு. அது தெரிந்திருந்தும் ஏப்ரல் பாதியிலேயே தக்காளி நாற்றை வாசலில் அடுக்கி விற்கும் கடைக்காரர்களை என்ன செய்வது? முதல் தடவை வைத்தது உறைபனியில் செத்தால் இரண்டாம் தடவையும் அவர்களிடம்தானே வாங்குவோம்!

ஊர் மரங்களும் நம்மைப் போலவே ஏமாறுகின்றன. லைல் ஊரிலுள்ள மார்ட்டன் மரப் பூங்காவில் மக்னோலியா பூத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வார இறுதிக்காகக் காத்திருந்தால், நடுவில் ஓர் இரவு உறைபனி விழுந்து அத்தனை பூவும் பழுப்பேறிப்போகும். (1922இல் அந்தப் பூங்காவை நிறுவிய ஜாய் மார்ட்டன் உப்பு வியாபாரத்தில் பேர்போனவர். குளிர்காலம் முழுக்கப் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பைத் தின்று ஓர மரங்கள் வாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து தொலைக்கும்.)

பள்ளிப் பிள்ளைகளின் கதை தனி. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உறைபனி, மாலையில் இறங்கும்போது வேர்வை. போட்டுப் போன கோட்டு பள்ளியிலேயே தங்கிவிடும். மறுநாள் காலை மீண்டும் உறைபனி. அலுவலகக் கட்டடத்திலோ சூடேற்றும் இயந்திரத்தை நிறுத்திக் குளிரூட்டியைப் போட ஒரு தேதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதி வரும்வரை வெளியே 27 டிகிரி அடித்தாலும் உள்ளே ஹீட்டர். மாற்றிய மறுநாள் வெளியே குளிரும், உள்ளே ஏசி ஓடும். கேட்டால், திரும்ப மாற்ற முடியாதாம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு விமான டிக்கெட் மலிவாகக் கிடைப்பது சரியாக இந்த ஏப்ரலில்தான். "குளிர் முடிந்திருக்குமே, வரட்டுமா?" என்று அப்பா போன வாரம் கேட்டார். வேண்டாம் அப்பா, ஜூனில் வாருங்கள் என்றேன். சற்று நேரம் எதிர்முனையில் பேச்சே இல்லை. பிறகு, "2021இல் ஜூன் 20 ராத்திரி உங்கள் நேப்பர்வில்லில்தானே சூறாவளி வந்து கூரையையெல்லாம் பிய்த்துப் போட்டது?" என்றார்.