நிபுணர்களிடம் விட்டுவிடலாமா?

தேர்தல் பேச்சு எடுத்தாலே ஒரு வசனம் கிளம்பிவிடுகிறது. "அரசியல்வாதிகளை ஓரங்கட்டிவிட்டு, படித்த நிபுணர்கள் கையில் ஆட்சியைக் கொடுங்கள், நாடு உருப்படும்." டர்பன் நகரில் இந்தியர்கள் வாழும் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியின் கல்யாணப் பந்திகளிலும் கேட்கிறேன், தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களின் பதிவுகளிலும் பார்க்கிறேன். அவர்கள் சொல்லட்டும். தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு நாம் இதைச் சொல்லலாமா?

நிறவெறி ஆட்சியின் சிற்பி என்று பெயரெடுத்த ஹென்ட்ரிக் ஃபெர்வூர்ட் பட்டாளத்திலிருந்து வந்தவர் இல்லை. ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்தில் முதலில் உளவியலும் பிறகு சமூகவியலும் நடத்திய பேராசிரியர். ஏழை வெள்ளையர்களைப் பற்றி அமெரிக்காவின் கார்னகி அறக்கட்டளை நிதியில் நடந்த பெரிய ஆய்வு 1932-ல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. அதையொட்டி 1934-ல் கிம்பர்லியில் கூடிய மாநாட்டில் முன்னால் நின்றவர்களில் இவரும் ஒருவர். ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போனார்கள், வறுமையை அளந்தார்கள், காரணம் தேடினார்கள். ஆனால் அளந்தது வெள்ளையரின் வறுமையை மட்டும். பக்கத்துக் குடிசையில் பட்டினி கிடந்த கறுப்பர் அந்தக் கேள்வித்தாளிலேயே இல்லை. அதே பேராசிரியர்தான் 1958-ல் பிரதமரானார்.

நிபுணத்துவம் என்றால் என்ன என்று தெரிய நம் தெருவைப் பார்த்தாலே போதும். ஒவ்வொரு இனத்தவரும் தனித்தனிப் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்று 1950-ல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தின்படி, 1960-களில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் நம்மவர்களைக் கிளப்பி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். மேகசின் பேரக்ஸ் டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு, பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். வெள்ளையர் பகுதிக்கும் கறுப்பர் குடியிருப்பான உம்லாசிக்கும் நடுவே ஒரு தடுப்பாக சாட்ஸ்வொர்த்தை வைத்தார்கள். வீடுகளின் அளவிலும் ஒரு கணக்கு இருந்தது: ஒரு கணவன், ஒரு மனைவி, சில பிள்ளைகள். பாட்டி, சித்தப்பா, கல்யாணமாகாத அத்தை இவர்களெல்லாம் அந்த வரைபடத்தில் கிடையாது. சாட்ஸ்வொர்த்தை யூனிட் யூனிட்டாகப் பிரித்து, அண்ணனுக்கு ஒரு யூனிட்டில் வீடு, தம்பிக்கு இன்னொரு யூனிட்டில். பெண்கள் துணி ஆலை வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டிய நேரத்தில் பாட்டியைப் பிரித்து எங்கோ வைத்தாயிற்று.

இது தெரியாமல் நடந்ததா என்றால் இல்லை. டர்பனை இனவாரியாகப் பிரித்தால் யார் எதை இழப்பார்கள் என்று நேட்டால் பல்கலைக்கழகத்தில் லியோ கூப்பரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1958-லேயே கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள். அதே பல்கலைக்கழகத்தில் சமூகவியல் நடத்திய ஃபாத்திமா மீருக்குக் கூட்டங்களில் பேசவும் எழுதி வெளியிடவும் கூடாதென்று தடை உத்தரவு போட்டார்கள், 1976-ல் சிறையிலும் வைத்தார்கள். ஆக, அரசு சமூக அறிவியலை ஒதுக்கவில்லை. தனக்கு வேண்டிய பதிலைச் சொன்னவர்களை வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு? அங்கேதான் எனக்கே மனசு இரண்டாகப் பிரிகிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு அரசு மாதாமாதம் தரும் கிராண்ட் பணம், சமூகக் கொள்கை ஆய்வாளர் ஃபிரான்சி லண்ட் தலைமையிலான குழுவின் ஆலோசனையால் 1998-ல் வந்தது. ஆய்வு நன்றாகவே நடந்தது. பிள்ளையைப் பெற்றவர் ஊரில் இல்லாமல் பாட்டியே வளர்க்கும் வீடுகள் இந்த நாட்டில் ஏராளம் என்று பார்த்து, யார் வளர்க்கிறாரோ அவர் கையில் பணத்தைக் கொடு என்றார்கள். இதைவிடப் புத்திசாலித்தனமான விதியை நான் இந்த அரசிடம் கண்டதில்லை.

ஆனால் அதற்கு முன்பு இருந்த பராமரிப்புத் தொகையில் தாய்க்கு மாதம் 430 ராண்டு வரை, பிள்ளைக்கு 135 ராண்டு கிடைத்தது. அதை வாங்கியவர்களில் இந்தியப் பெண்களும் கலர்ட் (கலப்பினப்) பெண்களும் அதிகம். கறுப்பினப் பெண்களுக்கு ஏறக்குறைய எட்டவே இல்லை. எல்லாருக்கும் பங்கு போட வேண்டும், செலவும் கூடக்கூடாது என்ற கட்டளையோடு குழு வேலை செய்தது. பழைய தொகையைப் படிப்படியாக நிறுத்தி, ஏழு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு 100 ராண்டு என்று முடித்தார்கள். அந்த 100 ராண்டே போராடிக் கூட்டிய தொகைதான். நாட்டுக்கு நியாயம். ஆனால் சாட்ஸ்வொர்த்தில் தனியாகப் பிள்ளை வளர்த்த பெண்களின் வீட்டு வாடகையில் இடி விழுந்தது. இரண்டும் உண்மை. நம்மவர்களில் சிலர் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு முதலாவதை மறந்துவிடுகிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபெர்வூர்ட் காலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்று உண்டு. இங்கே திருப்பிக் கேட்க முடிந்தது. கிராண்ட் கிடைத்த பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று தொடர்ந்து ஆய்வு செய்தார்கள், அமைப்புகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு விடாமல் அழுத்தின, வயது வரம்பு மெல்ல மெல்ல ஏறி 18 ஆனது. இன்று 1.3 கோடிப் பிள்ளைகள் பெயரில் அந்தப் பணம் போகிறது. குழுவின் கையை எது கட்டிப்போட்டது என்று லண்டே பிறகு வெளிப்படையாக எழுதினார். எனக்கு வேண்டிய நிபுணர் அந்த மாதிரி ஆள்தான்.

நம் பக்கமும் ஒரு பாக்கி இருக்கிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 31 சதவீதம் பேர் விடுபட்டார்கள் என்று புள்ளியியல் துறையே சொன்னது. திருட்டுப் பயம் எனக்கும் உண்டு, யாரும் சும்மா கேட்டைத் திறக்க மாட்டார்கள். ஆனால் எண்ணிக்கையில் வராதவர்களுக்கு நர்ஸ் எத்தனை பேர் வேண்டும் என்று யாரும் கணக்குப் போடமாட்டார்கள். அப்புறம் கிளினிக் வரிசையில் நின்று பொருமுகிறோம்.

போன வார்டுக் கூட்டத்தில், எந்தக் கணக்கை வைத்து எங்கள் கிளினிக் நேரத்தைக் குறைத்தீர்கள் என்று எழுந்து கேட்டேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார் மேடையில் இருந்தவர். பின்வரிசை ஆன்ட்டி ஒருவர் விடவில்லை: "மேலிடத்துக்கு யார் சொன்னது, அதைச் சொல்லுங்க."